வெள்ளவத்தை மாடியிலிருந்து யாழ்ப்பாணம் எட்டுமா?

கேள்வி: ஐந்தாம் மாடிக் கூரையில் நின்று 5 வாட் அமெச்சூர் வானொலிக் கைக்கருவியில், 145 மெகாஹெர்ட்ஸில் கூப்பிடுகிறேன். நீர்கொழும்போடு அடங்கிவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் மச்சான் காத்திருக்கிறான். பலூனில் ரிப்பீட்டர் (குரலை வாங்கித் திரும்ப அனுப்பும் கருவி) ஏற்றினால் சரிவருமா அண்ணா?

பதில் 1: வரும் தம்பி. இந்த அலை பூமியோடு சேர்ந்து அதிகம் வளையாது, உயரம்தான் எல்லாம். மீற்றரில் உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கு, ரேடியோத் தொடுவானம், அதாவது அலை எட்டும் தூரம், கிலோமீற்றரில் வரும். 10,000 மீற்றருக்கு 412. புத்தளத்துக்கு மேலே நின்றாலே இரண்டு ஊரும் தெரியும். 1948இல் அமெரிக்காவில் பி-29 விமானத்திலிருந்து தொலைக்காட்சியையே அஞ்சல் செய்தார்கள்.

பதில் 2: பலூனுக்கு அனுமதி எடுப்பது பெரும் பாடு. சர்வதேச விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டர் இயங்கும் நாளில் முயன்று பாருங்கள். 145.990 மெகாஹெர்ட்ஸில் 67 ஹெர்ட்ஸ் டோனோடு (ரிப்பீட்டரைத் திறக்கும் மெல்லிய தொனி) பேசி, 437.800இல் கேட்க வேண்டும். நிலையத்தின் வேகத்தால் வரும் டொப்ளர் விளைவில் கேட்கும் அலைவரிசை நகரும்: நிலையம் நெருங்கி வரும்போது 437.810, விலகிப் போகும்போது 437.790. நான் காலிமுகத்திடலில் ஒரே திசையை நோக்கும் யாகி அன்டெனாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். இரைச்சலுக்குள்ளிருந்து முதல் குரல் எழும்பியபோது கை நடுங்கிவிட்டது.

கேள்வி கேட்டவர்: நன்றி அண்ணா. இன்றிரவே மச்சானுக்கும் 67 டோனைச் சொல்லிவிடுகிறேன்.