திண்ணை குழுவில் மில்டன் புயல்

8 அக்டோபர் 2024

பெரியப்பா, கும்பகோணம் (இரவு 8.10): கண்ணா, எந்தச் சேனலைத் திருப்பினாலும் அமெரிக்காவில் உங்கள் புளோரிடாவில் புயல் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மயாமியில் ஒரு வானிலை அறிவிப்பாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் தழுதழுத்துப் போனதைக் காட்டினார்கள். உங்கள் ஊர் மேயரோ, வெளியேறச் சொன்ன இடத்தில் தங்கினால் உயிரோடு இருக்க மாட்டீர்கள் என்கிறார். நீ வீட்டை விட்டுக் கிளம்பவில்லை என்று உன் அத்தை சொல்கிறாள். என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய்?

கண்ணன், டாம்பா (8.32): பெரியப்பா, நீங்கள் பார்த்தவர் ஜான் மொராலெஸ். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தென் புளோரிடாவுக்குப் புயல் செய்தி சொல்பவர். பதறாமல் பேசுவதற்குப் பெயர் பெற்றவர். பத்து மணி நேரத்தில் மையத்தின் காற்றழுத்தம் 50 மில்லிபார் இறங்கிவிட்டது என்று சொல்லும்போதுதான் அவருக்குத் தொண்டை அடைத்தது. அழுத்தம் இறங்க இறங்கப் புயல் வலுக்கும்; அந்த எண்ணின் பொருள் தெரிந்தவருக்கு அப்படித்தான் இருக்கும். மேயர் சொன்னதும் சரிதான். ஆனால் அது வெளியேறச் சொன்ன பகுதிகளுக்கு மட்டும். கடல் எவ்வளவு உயரம் ஏறினால் எந்த இடம் மூழ்கும் என்று கணக்கிட்டு, எங்கள் மாவட்டத்தை ஏ (A) முதல் இ (E) வரை ஆங்கில எழுத்துகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஏ, பி இரண்டும் காலியாக வேண்டும். எங்கள் வீடு எந்த எழுத்திலும் இல்லை. இங்கே 'நீருக்கு ஓடு, காற்றுக்குப் பதுங்கு' என்பார்கள்; நாங்கள் பதுங்குகிறவர்கள்.

அத்தை, ஸ்ரீரங்கம் (8.40): எழுத்தெல்லாம் இருக்கட்டும், கண்ணா. புயல் வரைபடத்தில் காட்டுகிறார்களே, அந்த வெள்ளைக் கூம்பின் நடுக்கோடு உன் ஊர் மேலேயே போகிறதே!

கண்ணன் (8.57): அத்தை, அந்தக் கூம்பு புயலின் அளவைக் காட்டுவதில்லை. மையம் எந்த வழியாகப் போகக்கூடும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. அதிலும் மூன்றில் ஒரு முறை மையம் கூம்புக்கு வெளியே போய்விடலாம். 2022இல் இயன் புயல் வந்தபோது பல நாட்கள் அந்தக் கோடு டாம்பாவை நோக்கியே இருந்தது. நாங்களும் கோட்டைப் பார்த்து ஓர்லாண்டோவுக்கு ஓடினோம். புயல் தெற்கே கயோ கோஸ்டா தீவில் கரையேறியது. ஃபோர்ட் மையர்ஸ் கடற்கரையைக் கடல் புகுந்து துடைத்தெடுத்தது; டாம்பாவுக்குத்தான் வருகிறது என்று நம்பி அங்கே தங்கியவர்கள் பலர். நாங்கள் ஓடிப்போன ஓர்லாண்டோவிலோ மழை கொட்டித் தீர்த்தது.

அத்தை (9.02): போன வருடம் மிக்ஜாம் புயல் கரை கடந்தது ஆந்திராவின் பாபட்லாவில், மூழ்கியது நம் வேளச்சேரி. அதைப் போலவா?

கண்ணன் (9.03): அதையேதான் சொல்கிறேன், அத்தை.

சுமதி அக்கா, ஹூஸ்டன் (9.20): ஒரு வழியாக நம் குழுவில் கூம்பு புரிந்துவிட்டது. இனி, காற்றில் சாய்ந்து நின்று கத்தும் செய்தியாளர்களைப் பற்றியும் நான் சொல்லிவிடுகிறேன், பெரியப்பா, இல்லையென்றால் நீங்கள் நாளை இரவு தூங்க மாட்டீர்கள். 2018இல் ஃபுளோரன்ஸ் புயலின்போது ஒரு செய்தியாளர் காலை அகட்டி ஊன்றிக்கொண்டு தள்ளாடினார்; அவருக்குப் பின்னால் அரைக்கால்சட்டை அணிந்த இருவர் சாவகாசமாக நடந்து போனார்கள். 2005இல் நியூ ஜெர்சி வெள்ளத்தில் ஒரு பெண் செய்தியாளர் துடுப்புப் படகில் அமர்ந்து நேரலையில் பேசிக்கொண்டிருந்தபோது, குறுக்கே இருவர் கணுக்காலளவு நீரில் நடந்து போனார்கள். இதற்கு நேர்மாறான வேலையும் தொலைக்காட்சியில்தான் நடந்திருக்கிறது. 1961இல் கார்லா புயல் எங்கள் டெக்சாஸ் கரைக்கு வந்தபோது டான் ரேதர் என்ற இளம் செய்தியாளர் கால்வெஸ்டன் வானிலை அலுவலகத்துக்குள் கேமராவைக் கொண்டுபோய், ராடார் திரையின் மேல் டெக்சாஸ் வரைபடத்தைக் கண்ணாடித் தாளில் வரைந்து வைத்துக் காட்டினார். புயல் என்றால் இவ்வளவு பெரிதா என்பதை மக்கள் அன்றுதான் கண்ணால் பார்த்தார்கள். லட்சக்கணக்கானோர் கரையை விட்டு நகர்ந்தார்கள். 1900இல் அதே கால்வெஸ்டனில் குறைந்தது 6,000 பேரைப் புயல் கொண்டுபோனது என்பதை நினைத்தால், அந்தத் தாளின் மதிப்பு தெரியும்.

பெரியப்பா (9.34): சரி. அப்படியானால் கண்ணன் யார் சொல்வதைக் கேட்க வேண்டும்?

சுமதி அக்கா (9.41): என்ன செய்ய வேண்டும் என்று சொல்பவரை, பெரியப்பா. 1992 ஆகஸ்ட் 24 விடியலில் ஆண்ட்ரூ புயல் மயாமிக்குத் தெற்கே அடித்தபோது, அந்த ஊர்த் தொலைக்காட்சியின் வானிலை அறிவிப்பாளர் பிரையன் நார்க்ராஸ் 23 மணி நேரம் இடைவிடாமல் பேசினார். மெத்தையை இழுத்துக்கொண்டு வீட்டின் நடுவில் இருக்கும் சிறிய அறைக்குள் போய் மேலே போட்டுக்கொள்ளுங்கள் என்றார். மின்சாரம் போன வீடுகளில் அதே குரல் வானொலியில் கேட்டது. தம்பி, பேட்டரி வானொலி இருக்கிறதா?

கண்ணன் (9.44): இருக்கிறது, அக்கா. மெத்தையும் இருக்கிறது.

10 அக்டோபர் 2024

கண்ணன் (காலை 9.15): நலம். மின்சாரம் இல்லை. பிறகு எழுதுகிறேன்.

12 அக்டோபர் 2024

கண்ணன் (இரவு 7.05): மின்சாரம் வந்ததும் முதலில் தொலைக்காட்சியைத்தான் போட்டேன். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் விளையாட்டரங்கின் கூரை கந்தலாகப் பறப்பதையே திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். மையம் தெற்கே சியஸ்டா கீயில் கரையேறியதால், 15 அடி வரை ஏறலாம் என்று சொன்ன எங்கள் விரிகுடா நீர் ஏறாமல் வெளியே இழுக்கப்பட்டு, தரை தெரிந்தது. ஆனால் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலேயே 18 அங்குலத்துக்கு மேல் மழை. இதைவிட என்னை உறுத்துவது கிழக்குக் கரை. கேமராக்கள் எல்லாம் மேற்குக் கரையில் அலைக்காகக் காத்துக்கொண்டிருந்தபோது, புயல் கரையேறுவதற்குச் சில மணி நேரம் முன்பே, மாநிலத்தின் மறுகோடியில் இருக்கும் செயின்ட் லூசி மாவட்டத்தில் சூறைச்சுழல்கள் (டொர்னாடோக்கள்) இறங்கி ஆறு பேர் இறந்துவிட்டார்கள். கூம்பின் நடுக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த எவருக்கும் அந்த மாவட்டம் கண்ணில் பட்டிருக்காது.

பெரியப்பா (7.20): அந்த இரவை எப்படிக் கழித்தீர்கள்?

கண்ணன் (7.26): வானொலியில், பெரியப்பா. உள்ளூர்த் தொலைக்காட்சியின் ஒலியை அப்படியே ஒலிபரப்பினார்கள். படம் இல்லாததால் அறிவிப்பாளர் தெருப்பெயர்களைச் சொல்லிச் சொல்லிப் பேச வேண்டியிருந்தது. எங்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

அத்தை (7.31): மெத்தையைத் திரும்பக் கட்டிலில் போட்டாகிவிட்டதா?

கண்ணன் (7.33): போட்டாகிவிட்டது, அத்தை. பையன் மட்டும் இன்னும் குளியல் தொட்டியில்தான் படுப்பேன் என்கிறான்.