கம்பி வலை அறுபடவில்லை, கோழிக்குத் தலை மட்டும் இல்லை: எந்த வலை வாங்குவது?

தோப்புக்காரன், கோபி

வணக்கம். தென்னந்தோப்புக்குள் 10க்கு 8 அடியில் கோழிக் கொட்டகை, உயரம் 6 அடி. எல் ஆங்கிள் சட்டம், மேலே தகரம், கீழே மண் தரை. நாட்டுக்கோழி 22 இருந்தது, இப்போது 17.

போன வருஷம் கோழி வலைதான் அடித்திருந்தேன், அறுகோணக் கண் வைத்த மெல்லிசு வலை. ரெண்டு தெருநாய் சேர்ந்து ஒரே ராத்திரியில் கிழித்துவிட்டன. சரி, கனமாகவே போட்டுவிடலாம் என்று 10 கேஜ் டைமண்ட் வலை, 2 இன்ச் கண், சுற்றிலும் கட்டினேன். அதற்கப்புறம் நாய்த் தொல்லை இல்லை.

மூன்று வாரமாக வேறு கதை. காலையில் கதவைத் திறந்தால் வலையோரம் ஒரு கோழி கிடக்கிறது. உடம்பு முழுசாக இருக்கிறது, தலை மட்டும் இல்லை. வலையில் ஓட்டை இல்லை, பூட்டு போட்டது போட்டபடி, மண் தோண்டின தடமும் இல்லை. கீரிதான் என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். கடைக்காரர் இன்னும் கனமாக 8 கேஜ் போடச் சொல்கிறார். அதைப் போட்டால் நிற்குமா? செலவு செய்வதற்கு முன்னால் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

பெருவிடை வளர்ப்பு, திண்டுக்கல்

8 கேஜ் வாங்காதீங்க. பிரச்சினை கம்பியின் கனத்தில் இல்லை, கண்ணின் அளவில் இருக்கிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எதுவும் உள்ளே வரவே இல்லை. வெளியே நின்றபடி 2 இன்ச் கண்ணுக்குள் கையை விட்டு, தலையைப் பிடித்து இழுத்துக் கடித்துவிட்டுப் போகிறது. உடம்பு அந்தக் கண் வழியாக வராது, அதனால் உள்ளேயே கிடக்கிறது.

ரெண்டு கேள்வி. ராத்திரியில்தான் நடக்கிறதா? கோழி அடையும் கம்பு வலையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது?

ராத்திரி என்றால் கீரியாக இருக்க வாய்ப்பு குறைவு. கீரி பகலில் திரியும், பொழுது சாய்ந்தால் வளைக்குப் போய்விடும். தோப்பு என்கிறீர்கள், எனக்கு மரநாய் மேல்தான் சந்தேகம். காட்டுப்பூனையாகவும் இருக்கலாம். தகரத்தின் மேலே ஏறி எச்சம் கிடக்கிறதா என்று பாருங்கள். மரநாய் பழம் தின்கிற ஜாதி, எச்சத்தில் கொட்டை கொட்டையாக இருக்கும்.

தோப்புக்காரன், கோபி

ராத்திரிதான். ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன், தகரத்தின் மேலே பப்பாளி விதையும் என்னவோ சின்னக் கொட்டையுமாகக் காய்ந்து கிடக்கிறது. பக்கத்து மரத்து மட்டை ஒன்று தகரத்தில் படுத்திருக்கிறது, அதுதான் அதற்குப் படிக்கட்டு போல.

அடையும் கம்பு... நீங்கள் கேட்ட பிறகுதான் அளந்தேன். வலையிலிருந்து நாலு விரக்கடை. மழைச்சாரல் படாது என்று நான்தான் அந்த ஓரத்தில் கட்டினேன்.

பெருவிடை வளர்ப்பு, திண்டுக்கல்

இன்றைக்கே செய்ய வேண்டியதற்குக் காசு வேண்டாம். கம்பை அவிழ்த்து நடுவில் கட்டுங்கள், எந்தப் பக்கத்து வலையிலிருந்தும் குறைந்தது ஒன்றரை அடி தள்ளி. அந்த மட்டையை வெட்டிவிடுங்கள். வலை பிறகு.

வெல்டிங் பட்டறை, தாராபுரம்

வலை விஷயம் நான் சொல்கிறேன், தினமும் கையாளுகிற சாமான். டைமண்ட் வலையைக் கழற்ற வேண்டாம், நாய்க்கு அது இருக்கட்டும். அதோடு கூட அரை இன்ச் சதுரக் கண் வெல்டு மெஷ் ஒரு அடுக்கு போடுங்கள். கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலியும், இதை மாற்றி நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. 22 கேஜ் முக்கால் மில்லிகூட இல்லை, பெருச்சாளியே கடித்துவிடும். 19 கேஜ் ஏறக்குறைய 1 மில்லி. பின்னால் டைமண்ட் வலை தாங்குவதால் உங்களுக்கு இது போதும். தனியாக நிற்க வேண்டுமென்றால் 16 கேஜ் கேட்பேன்.

வாங்கும்போது கம்பியும் கம்பியும் சேரும் முடிச்சைப் பாருங்கள். முடிச்சில் நாகம் (துரு பிடிக்காமலிருக்கப் பூசுகிற துத்தநாகம்) கட்டியாக வழிந்து உறைந்திருந்தால் வெல்டு வைத்த பிறகு நாகத்தில் முக்கி எடுத்தது. முடிச்சு கருகிச் சுட்ட புள்ளி மாதிரி இருந்தால் முதலில் பூச்சு, பிறகு வெல்டு. துரு அந்தப் புள்ளியில்தான் ஆரம்பிக்கும். கோழி எச்சம் படுகிற இடத்தில் இந்த வித்தியாசம் சீக்கிரமே தெரிந்துவிடும். விலை கூடத்தான், மறுபடி ஒருமுறை கழற்றி மாட்டுகிற கூலியை நினைத்தால் பரவாயில்லை.

இன்னொன்று, மெஷ்ஷை ஆங்கிளில் நேராக வெல்டு வைக்கச் சொல்லாதீர்கள். சுட்ட இடத்தில் நாகம் போய்விடும், அந்தப் புகையும் பொல்லாதது, ராத்திரி குளிர்காய்ச்சல் வரும் (அனுபவம்). முக்கால் இன்ச் இரும்புப் பட்டையை மேலே வைத்து ஓர் அடிக்கு ஒரு ஸ்க்ரூ போட்டு நெரியுங்கள். மரச்சட்டமாக இருந்தாலும் இதேதான், ரீப்பர் வைத்து வாஷரோடு ஸ்க்ரூ. ஸ்டேப்ளர் பின் நாய் ரெண்டு தடவை முட்டினால் கையோடு வந்துவிடும்.

மாடித்தோட்டம், மதுரை

ஒரு இன்ச் கண் போதாதா? காற்றோட்டமும் நன்றாக இருக்கும், விலையும் குறையுமே.

வெல்டிங் பட்டறை, தாராபுரம்

பெரிய கோழி மட்டும் என்றால் சமாளிக்கலாம். குஞ்சு இருந்தால் வேண்டாம். ஒரு இன்ச்சில் எலி சர்வசாதாரணமாக வரும், எலி வந்தால் பின்னாலேயே சாரை வரும். அதற்காகக் கால் இன்ச்சுக்கும் போகாதீர்கள். இறகும் தூசும் அடைத்துக்கொண்டு சித்திரை வெயிலில் உள்ளே வெந்துவிடும்.

பெருவிடை வளர்ப்பு, திண்டுக்கல்

மண் தரை என்றீர்கள். இதுவரை தோண்டவில்லை என்றால் மேலே எளிதாகக் கிடைத்தது, அவ்வளவுதான். இந்த வழி அடைபட்ட பிறகு கீரி, பெருச்சாளி, நாய் எல்லாமே அடியில் முயலும். கடப்பாரை போட்டு இரண்டடி தோண்டிப் புதைக்கிற வேலை வேண்டாம். 4 அடி அகலச் சுருளில் 50 அடி வாங்குங்கள். உங்கள் சுற்றளவு 36 அடி. இரண்டரை அடி சட்டத்தோடு மேலே, மீதி ஒன்றரை அடியை மடக்கி வெளிப்பக்கம் தரையில் பாவாடை மாதிரி விரியுங்கள். மேலே நாலு விரல் மண், கல்லோ ஓடோ பரப்பிவிடுங்கள். தோண்ட வருவது சுவர் அடியில்தான் தோண்டும், நகத்தில் கம்பி தட்டும். ஒன்றரை அடி பின்னால் போய்த் தோண்டலாம் என்று அதற்குத் தோன்றாது.

நாலு மூலையிலும் மடக்கும்போது முக்கோணமாகச் சந்து விழும். மிச்சத்தில் சதுரம் வெட்டி அங்கே ஒட்டுப் போட்டுக் கட்டுக்கம்பியால் தையுங்கள். என் கொட்டகையில் கீரி நுழைந்தது அந்த மூலையில்தான், அதுவும் பட்டப்பகலில்.

உள்ளே தரையில் மட்டும் மெஷ் விரிக்காதீர்கள். கிளறிக் கிளறிக் காலில் புண் வரும்.

வீட்டுக் கோழி, பட்டுக்கோட்டை

எங்கள் ஊரில் கீழே மீன்வலையைச் சுற்றிக் கட்டுவார்கள், செலவே இல்லை. ஆனால் அதில் பாம்பு மாட்டிக்கொண்டு செத்தும் சாகாமலும் கிடக்கும், எடுக்கப் போனால் நமக்குத்தான் ஆபத்து. மேலே பருந்துக்குக் கட்டினால் சரி, கீழே வேண்டாம்.

கண்ணி வை, மருந்து வை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கீரி, மரநாய் இரண்டுமே 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தில் வருகிறவை.

ஒரு சந்தேகம்: தகரம் நெளிநெளியாக இருக்குமே, சட்டத்துக்கும் அதற்கும் நடுவில் என்ன வைத்திருக்கிறீர்கள்?

தோப்புக்காரன், கோபி

ஒன்றும் வைக்கவில்லை! கை விட்டுப் பார்த்தேன், மணிக்கட்டு வரைக்கும் போகிறது. இத்தனை நாள் உள்ளே இறங்காதது என் நல்ல நேரம்.

தோப்புக்காரன், கோபி (18 நாள் கழித்து)

வேலை முடிந்தது, வேறு யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன். மெஷ்ஷை உள்பக்கம் அடித்தேன். டைமண்ட் வலை ஆங்கிளின் வெளியே இருப்பதால் இரண்டுக்கும் நடுவில் ஒன்றேகால் இன்ச் இடைவெளி கிடைத்தது, எதுவும் கையை நீட்டினாலும் எட்டாது. குறை என்னவென்றால் அந்தச் சந்தில் இறகு சேர்கிறது, தென்னை ஈர்க்கு வைத்து நோண்டி எடுக்க வேண்டியிருக்கிறது. உள்ளே அடித்ததால் பாவாடையை மடக்க முடியவில்லை. வெளியே தனியாக ஒரு துண்டு விரித்து டைமண்ட் வலையோடு தைத்தேன், அதற்கு இன்னொரு சுருள் பிடித்தது. தகர நெளிவில் மெஷ்ஷைச் சுருட்டித் திணித்துக் கட்டிவிட்டேன். வெட்டின முனை எல்லாம் ஊசி மாதிரி இருக்கிறது, கையுறை இல்லாமல் யாரும் தொடாதீர்கள்.

கம்பை நடுவுக்கு மாற்றிய அன்றிலிருந்து ஒரு கோழியும் போகவில்லை. போன வாரம் ராத்திரி தகரத்தில் தடதடவென்று சத்தம். டார்ச் அடித்தால் மேலே ரெண்டு கண், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தென்னையில் ஏறிப் போய்விட்டது.

இப்போது மிச்சமிருக்கும் தொல்லை ஒரு கறுப்புப் பெட்டை. கம்பு இருந்த பழைய மூலையிலேயே, வலையை ஒட்டிச் சட்டத்தின் மேல் போய் உட்கார்கிறது. தினமும் இருட்டின பிறகு போய்த் தூக்கி நடுவில் வைத்துவிட்டு வருகிறேன். இதற்கு ஏதாவது வழி தெரிந்தால் சொல்லுங்கள்.