பட்ஜெட்டில் அறிவிக்கும் தொழில் மானியம் நம்ம கைக்கு எப்படி வருகிறது? கோவையில் 40 லட்சம் புராஜெக்ட்

கேள்வி: மில்லிங்_கோவை

வணக்கம். கணபதி பக்கம் வாடகை ஷெட்டில் ஒரு விஎம்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தைக் கடையும் மில்லிங் மெஷின்) போட்டு, மற்ற கம்பெனிகளுக்கு ஜாப் ஆர்டரில் பாகங்கள் செய்து கொடுக்கத் திட்டம். மெஷின், கம்ப்ரசர், டூலிங், வயரிங் எல்லாம் சேர்த்து 40 லட்சம். டிப்ளமோ மெக்கானிக்கல், வயது 32, பி.சி. இதுவரை சொந்தத் தொழில் கிடையாது. தமிழக பட்ஜெட்டில் குறு, சிறு தொழிலுக்கு வருஷா வருஷம் கோடிக்கணக்கில் ஒதுக்குகிறார்கள். அதில் எனக்குப் பொருந்துவது எது? மெஷினுக்கு டீலர் அட்வான்ஸ் கேட்கிறார், கொடுத்துவிடலாமா?

பதில் 1: திட்ட_அறிக்கை

அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். முதலில் அதை நிறுத்துங்கள். வங்கி அனுமதிக்கு முன் தேதியிட்ட பில்லோ பணம் கட்டிய ரசீதோ இருந்தால், அந்த மெஷினை மானியக் கணக்கில் சேர்ப்பது சிக்கலாகிவிடும். இப்போதைக்கு டீலரிடம் கொட்டேஷன் மட்டும் வாங்குங்கள். அதில் அடிப்படை விலை, ஜி.எஸ்.டி, டூலிங் மூன்றும் தனித்தனி வரியில் இருக்கட்டும்.

உங்களுக்குப் பொருந்துவது நீட்ஸ் (NEEDS), அதாவது புதிய தொழில்முனைவோர் மற்றும் தொழில் நிறுவன மேம்பாட்டுத் திட்டம். 2012-13இல் தொடங்கிய மாநிலத் திட்டம். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கானது, டிப்ளமோ போதும். புராஜெக்ட் 10 லட்சம் முதல் 5 கோடி வரை. மானியம் 25%, உச்சவரம்பு 75 லட்சம். சொந்தப் பங்கு பொதுப்பிரிவுக்கு 10%, சிறப்புப் பிரிவுக்கு 5%. பி.சி., எம்.பி.சி., பெண்கள் சிறப்புப் பிரிவில் வருவார்கள்.

உங்கள் கணக்கு: சொந்தப் பணம் 2 லட்சம், மானியம் 10 லட்சம், நிகரக் கடன் 28 லட்சம். தவணை தவறாமல் கட்டினால் வட்டியில் 3% அரசு ஏற்கும். 28 லட்சம் நிலுவைக்கு அது வருடத்துக்கு 84,000 ரூபாய். தவணை தவறினால் இந்தச் சலுகை கைவிட்டுப் போகும். அதனால் முதல் ஆறு மாத வாடகை, சம்பளம், மின்கட்டணத்தைக் கடனுக்கு வெளியே கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். ஜாப் ஆர்டரில் பில் போட்டுப் பணம் வர இரண்டு மாதம் சாதாரணம்.

எஸ்.சி., எஸ்.டி. நண்பர்கள் இதைப் படித்தால் முதலில் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைப் பாருங்கள். 2023-24 பட்ஜெட்டில் 100 கோடியுடன் அறிவித்தது. மானியம் 35%, வட்டிச் சலுகை 6%. இதே 40 லட்சத்துக்கு 14 லட்சம் மானியம்.

பதில் 2: மானியக்_கோரிக்கை_44

பணம் வரும் பாதையையும் சொல்கிறேன், அது தெரியாமல்தான் பலர் தேதியைத் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். பட்ஜெட் உரையில் அறிவிப்பு வரும். பிறகு சட்டமன்றத்தில் குறு, சிறு, நடுத்தரத் தொழில் துறையின் மானியக் கோரிக்கை (துறைச் செலவுக்குச் சட்டமன்ற ஒப்புதல் கேட்பது), எண் 44. அன்று வெளியாகும் கொள்கை விளக்கக் குறிப்பில்தான் திட்டவாரியான இலக்கும் செலவும் இருக்கும். உரையை விட அதைப் படியுங்கள். பிறகு அரசாணை, அதன்பின் தொழில் வணிக ஆணையரகம் வழியாக மாவட்டத் தொழில் மையத்துக்கு நிதி. வருடத்துக்கான இலக்கு இருப்பதால் ஏப்ரல், மே மாதத்திலேயே ஆன்லைனில் மனுப் போடுவது நல்லது. பிப்ரவரியில் போனால் இலக்கு முடிந்திருக்கும். மார்ச் 31க்குள் செலவாகாத ஒதுக்கீடு காலாவதியாகும், கோப்பு அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்கும்.

மனு, மாவட்டத் தேர்வுக் குழு நேர்காணல், வங்கி அல்லது டி.ஐ.ஐ.சி. (மாநில அரசின் தொழில் கடன் நிறுவனம்) பரிசீலனை, பயிற்சி, பிறகு கடன். கோப்பு நிற்பது பெரும்பாலும் வங்கியில்தான். மனுவில் கிளையை எழுதும் முன் மேலாளரை நேரில் பார்த்து, விஎம்சிக்குக் கடன் கொடுக்கும் விருப்பம் இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு வாடிக்கையாளரிடம் வேலை தருவதாகக் கடிதம் வாங்கி, மணிக்கு என்ன ரேட் என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள். அதைப் பார்த்துத்தான் உங்கள் வருமானக் கணக்கை நம்புவார்கள். வாடகை ஒப்பந்தம் கடன் காலத்தை விட நீளமாக, பதிவு செய்ததாக இருக்க வேண்டும். வங்கியில் 11 மாத ஒப்பந்தத்தைக் கொடுக்காதீர்கள்.

மில்லிங்_கோவை: நன்றி சார். நீட்ஸ் மானியத்தோடு, மாநில அரசு மெஷினுக்குத் தனியாகத் தரும் 25% மூலதன மானியமும் வாங்கலாமா? மின்கட்டணத்துக்கு ஏதாவது உண்டா?

பதில் 3: எல்டி_லைன்

ஒரே மெஷினுக்கு மாநில அரசின் இரண்டு மூலதன மானியம் கிடையாது. மின்கட்டண மானியம் வேறு கணக்கு. குறுந்தொழிலுக்கு 36 மாதம் 20%. உற்பத்தி தொடங்கிய நாள், மின் இணைப்பு கிடைத்த நாள், இரண்டில் பிந்தையதிலிருந்து எண்ணுவார்கள். பில்லில் தானாகக் கழியாது. முழுத் தொகையையும் கட்டிவிட்டு, ரசீதுகளோடு தொழில் மையத்தில் கேட்டு வாங்க வேண்டும். 20% என்பது ஓடிய யூனிட்டுக்கான கட்டணத்துக்கு மட்டும், நிலைக்கட்டணத்துக்கு இல்லை. மாதா மாதம் பில்லை எடுத்து வையுங்கள். விஎம்சியோடு கம்ப்ரசரும் சேர்ந்தால் 12 கிலோவாட்டைத் தாண்டும். எனவே 12 கிலோவாட் வரைக்கான 3-ஏ1 மின்கட்டணப் பிரிவு கிடைக்காது, அதற்கு மேலுள்ள 3-பி பிரிவில் கணக்குப் போடுங்கள்.

ஷெட் உரிமையாளர் பெயரில் இருக்கும் இணைப்பை அப்படியே ஓட்டினால் பின்னால் மானியம் கேட்கும்போது இது யாருடைய தொழில் என்ற கேள்வி வரும். உங்கள் நிறுவனப் பெயருக்கு மாற்றுங்கள்.

பதில் 4: திட்ட_அறிக்கை

ஒன்று விட்டுப்போச்சு. முதல் பில் போடும் முன் உத்யம் பதிவை (குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) முடித்துவிடுங்கள். 45 நாளுக்கு மேல் பணம் இழுத்தடிக்கும் கம்பெனி மீது, சிறு தொழில்களின் நிலுவையை வசூலிக்க உதவும் வசதியாக்கல் மன்றத்துக்குப் போக அது வேண்டும். கோவையிலேயே மன்றம் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி கேட்கலாம். டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்தும் சீலும் வாங்கி வைத்தால் போதும், சரக்கு வரவே இல்லை என்று அவர்கள் சொல்ல வழியில்லை.