உள்நுழைவு நிலையைச் சொல்லும் கருவிக்கு விளக்கம் எழுத உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் ஏஐ ஏஜென்ட்டுக்காக (பயனர் சார்பில் கருவிகளை அழைத்து வேலை செய்யும் நிரல்), பயனரின் உள்நுழைவு இன்னும் செல்லுபடியாகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லும் சிறு கருவி ஒன்றை எழுதி முடித்துவிட்டேன். அதற்கான விளக்கத்தை எழுதுவதில்தான் திணறுகிறேன். அதைப் படிக்கப்போவது மனிதர் அல்ல, மொழி மாதிரி என்பதால், ஒரு சொல் தெளிவில்லாமல் போனாலும் ஏஜென்ட் தன் போக்கில் நடந்துகொள்கிறது.

"உள்நுழைவு நிலையைச் சரிபார்க்கும்" என்று ஒற்றை வரியில் எழுதியிருந்தபோது, ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் ஏஜென்ட் இதை அழைத்தது. 'இல்லை' என்ற விடை வந்ததும், பயனரிடம் ஒன்றும் சொல்லாமல், அதையே 11 முறை திரும்பத் திரும்ப அழைத்தது. "401 பிழை வந்த பிறகே அழைக்கவும், விடை 'இல்லை' எனில் மீண்டும் முயலாமல் பயனரை உள்நுழையச் சொல்லவும்" என்று சேர்த்த பிறகுதான் அடங்கியது (401 என்பது பயனரின் அடையாளம் உறுதியாகவில்லை என்று சர்வர் தரும் பிழைக் குறியீடு). ஆனால், 403 பிழை வந்தாலும் இப்போது உள்நுழையச் சொல்கிறது. அங்கே குறை அனுமதியில் இருக்கிறதே தவிர அடையாளத்தில் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஓஆத் முறையில் தரப்படும் அணுகல் சீட்டான டோக்கனின் நிலையைக் கேட்டறிவதற்கான இணையத் தர ஆவணம் ஆர்எஃப்சி 7662 (2015), டோக்கன் செல்லாது என்றால் அதன் காரணத்தைத் தெரிவிக்க வேண்டாம் என்கிறது. ஆகவே, அது காலாவதியானதா, ரத்து செய்யப்பட்டதா என்பது என் கருவிக்கே தெரியாது. ஏஜென்ட்டோ ஒரு காரணத்தைத் தானாகக் கற்பித்துப் பயனரிடம் உறுதியாகச் சொல்லிவிடுகிறது. எனக்குப் பெரிய கவலை இதுதான்.

இத்தகைய கருவிக்கு ஆவணம் எழுதியவர்கள், எவற்றை விளக்கத்திலும் எவற்றை விடைக்குள்ளேயும் வைத்தீர்கள் என்று சொல்ல இயலுமா? நீங்கள் எழுதிய இரண்டு வரிகள் கிடைத்தாலும் போதும். டோக்கன் ஏதும் இருந்தால் நீக்கிவிட்டுப் பகிரவும்.