புதுச்சேரி: கீழே திண்ணை, மேலே வளைவுச் சன்னல் – இந்த வீடு எந்த வகை?

கேள்வி:
கடற்கரைப் பக்கப் பிரெஞ்சுப் பகுதியையும் மேற்கே உள்ள தமிழ்ப் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தாத்தா வழியில் வந்த மாடி வீடு ஒன்று எங்களுக்கு உள்ளது. தரைத்தளத்தில் திண்ணை, மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம், முற்றம் என எல்லாம் தமிழ் வீட்டு முறையில் இருக்க, மாடியில் மட்டும் வளைவுச் சன்னல்களும் சுதை வேலைப்பாடும் இருக்கின்றன. பார்ப்பவர்கள் ‘பிரெஞ்சு வீடு’ என்கிறார்கள். அது சரியா? மேலும், சில ஆண்டுகளுக்கு முன் சிமென்ட் பூசிய சுவர் இடுப்பளவு உயரம் வரை உப்புப் பூத்து உதிர்கிறது, மறுபடியும் பூசலாமா?

முதல் மறுமொழி:
ஐயா, அது சரியன்று. 1761-இல் ஆங்கிலேயர் நகரை இடித்துத் தரைமட்டமாக்கினர். 1765-இல் அதைத் திரும்பப் பெற்ற பிரெஞ்சுக்காரர் பழைய வீதிகளின் போக்கிலேயே மீண்டும் கட்டினர். ஆகவே வாய்க்காலின் இருபுறமும் இன்று நிற்பவை பெரும்பாலும் அதற்குப் பிந்தியவையே. வேறுபாட்டை அலங்காரத்தில் தேடாமல், வீடு தெருவை எப்படி எதிர்கொள்கிறது என்று பாருங்கள். கடற்கரைப் பக்க வீடுகள் உயர்ந்த மதிலும் பெரிய வாயிற்கதவுமாகத் தெருவுக்கு முகம் காட்டாமல், தோட்டத்தை உள்ளே வைத்துக்கொள்கின்றன. மேற்கே வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்க, வழிப்போக்கர் உட்காரத் திண்ணையும் வெயிலுக்கு ஒதுங்கத் தாழ்வாரமும் தெருவோடு சேர்ந்துவிடுகின்றன. உங்களுடையதும் அத்தகைய தமிழ் வீடுதான்; மாடி மட்டும் வாய்க்காலுக்கு அக்கரையின் பிரெஞ்சுப் பாணியைக் கடன் வாங்கியது. 18-ஆம் நூற்றாண்டில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையிலும் இந்தக் கலப்பைக் காணலாம். வைசியாள் வீதியில் இத்தகைய வீட்டு முகப்புகளை வரிசையாகச் சீரமைத்த பணிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது.

இரண்டாம் மறுமொழி:
சிமென்ட் வேண்டவே வேண்டாம். செங்கல்லும் சுண்ணாம்புமான பழைய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும்; சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும், சிமென்ட் உள்ளேயே அடைத்துவிடும். அப்போது ஈரம் மேலேறி, உப்பு பூச்சையே தள்ளிவிடுகிறது. அதைக் கொத்தி எடுத்து, சுவரைச் சில மாதங்கள் உலரவிட்டு, பிறகு சுண்ணாம்புச் சாந்தே பூசுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. மேல்தளம் மெட்ராஸ் டெரஸ், அதாவது மரக்கட்டைகள் மேல் செங்கல் அடுக்கிய பழைய வகை. மழைக்காலத்தில் ஒரு மூலையில் மட்டும் கசிகிறது.

இரண்டாம் மறுமொழியாளர்:
அப்படியானால் பூச்சு வேலை காத்திருக்கட்டும். குறுக்காகக் குத்திட்டு அடுக்கிய செங்கல்லைத் தாங்குபவை மரக்கட்டைகள்; அவற்றின் நுனி சுவருக்குள் புதைந்திருப்பதால், அங்கே உளுத்தாலும் கண்ணுக்குத் தெரியாது. 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நகராட்சிக் கட்டடமான மேரி 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்ததை மறக்க வேண்டாம். கசியும் மூலையில் கட்டை சுவருக்குள் நுழையும் இடத்தைத் தச்சரைக் கொண்டு உளியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மாவாக உதிர்ந்தால், முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை.