அல்சாஸ் ஒயின் சாலை: காரில் போய் வந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. செப்டம்பர் கடைசியில் நானும் மனைவியும் பிரான்ஸில் திராட்சைத் தோட்டங்களும் ஒயின் தயாரிக்கும் ஊர்களும் வழியாகப் போகும் அல்சாஸ் ஒயின் சாலையில் கார் ஓட்டிப் போகலாம் என்றிருக்கிறோம். வடக்கே மார்லென்ஹைமிலிருந்து தெற்கே 'தான்' என்கிற ஊர் வரை, வோஜ் மலையடிவாரமாகவே சுமார் 170 கி.மீ. ஒரே நாளில் ஓட்டி முடித்துவிடலாம்தான், ஆனால் அப்படிப் போவதற்கு ஹைவேயே போதுமே!

கோல்மார் நகரில் தங்கிக்கொண்டு தினமும் போய் வருவதா, இல்லை ஊர் ஊராக அறை மாற்றுவதா? தினமும் பெட்டி கட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. மனைவிக்கோ, பகல் கூட்டம் கலைந்த பிறகு ரிக்விர் என்கிற ஊரின் தெருக்களில் நடக்க வேண்டுமாம். அங்கே கோட்டைச் சுவருக்கு வெளியேதான் வண்டியை விட வேண்டும் என்கிறார்கள். இரவு தங்குபவர்கள் பெட்டிகளை என்ன செய்கிறீர்கள்?

பெரிய சிக்கல், ஓட்டப்போவது நான் மட்டும்தான். அங்கே ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் வரம்பு. புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு 0.2. ஒயினை ருசி பார்த்துவிட்டுத் துப்பலாம், அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள் என்பது தெரியும். ஆனாலும் நாலைந்து இடம் ஏறி இறங்கினால் வரம்புக்குள் இருப்போமா என்று பயம். எகிஷைம் கோல்மாருக்குப் பக்கம்தானே, அன்றைக்கு மட்டும் காரை நிறுத்திவிட்டு சைக்கிளில் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

இன்னொன்று: அறுவடை சமயத்தில் சிறிய தயாரிப்பாளர்கள் வீட்டில் ருசி பார்க்க விடுவார்களா, முன்கூட்டியே ஃபோன் செய்ய வேண்டுமா? எங்களுக்கு பிரெஞ்சு சுத்தமாக வராது.