தம்பியும் இல்லை, தங்கையும் இல்லை: எந்தச் சொல்லைப் போடுவது?

பாம்பன் பக்கம் கடற்பாசி எடுக்கும் பெண்களின் அனுபவங்களை 40 பக்கச் சிறுநூலாகத் தொகுக்கிறேன். ஒரே ஒரு வாக்கியத்தில் பத்து நாளாக நிற்கிறேன். அச்சகம் வெள்ளிக்கிழமைக்குள் கேட்கிறது.

விரல் நுனிகளில் துணி சுற்றிக்கொண்டு கஞ்சிப்பாசிக்கு இறங்கும் ஓர் அக்கா, உடன்பிறந்த 23 வயதுக்காரரைப் பற்றிச் சொல்கிறார். அவர் தன்னை ஆணென்றும் பெண்ணென்றும் சொல்லிக்கொள்வதில்லை. ‘அவர் வந்தார்’ என்று எழுதிவிடலாம். அக்கா வாயில் சற்று விறைப்பாக இருக்கும், அவ்வளவுதான். இடறுவது உறவுச்சொல்.

‘பிள்ளை’ போட்டுப் பார்த்தேன். இங்கே காதில் பெண்பிள்ளை என்று விழுகிறது. அச்சிலோ சாதிப் பெயராகத் தெரிகிறது. ‘உடன்பிறப்பு’ எப்போதோ கட்சி மேடை ஏறிவிட்டது. ‘இளவல்’ என்றால் தம்பிதான். ‘சின்னவர்’ என்றால் முதலாளி வீட்டு வாரிசு வந்து நிற்கிறார்! சென்னை உயர் நீதிமன்ற வழக்கையொட்டி 2022இல் தமிழக அரசு வெளியிட்ட பாலின அடையாளச் சொற்பட்டியலையும் புரட்டினேன். திருநர் போன்ற அடையாளச் சொற்களுக்கு உதவியது, உறவுமுறைக்கு இல்லை.

அந்த 23 வயதுக்காரரிடமே கேட்டேன். “கடலில் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்” என்று சிரித்தார். ஆனால் பெயரை அச்சிட வேண்டாம் என்பதும் அவர் சொன்னதுதான்.

தம்பி, தங்கை இரண்டுக்கும் பொதுவாக, ஓர் அக்கா இயல்பாகச் சொல்லக்கூடிய சொல் உங்கள் ஊர் வழக்கில் இருக்கிறதா?